படுத்துப் பார்த்த செயலாளர்

மேடையில் அமர்ந்திருக்கும் வட்டார நிதிக் குழுவின் புதிய தலைவர் அவர்களே, மருத்துவமனைப் பெரிய டாக்டர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அக்காவின் கணவர் அவர்களே, மகளே, வேலை முடிந்த கையோடு சீருடையில் வந்து பின்னால் நிற்கும் என் தோழர்களே! ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சார்பில் இந்த மூத்த ஓட்டுநரின் வணக்கம்.

நம் ஆம்புலன்ஸ் சேவையின் செயலாளர் மறைந்துவிட்டார். செயலாளர் என்று சொன்னால் உங்களில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. கேள்வி அக்கா என்றால் தெரியாதவர் உண்டா? டயரைப் பார்த்தால் ஒரு ஏன், கதவைத் திறந்தால் ஒரு ஏன்! நேற்று அவர் கணவரிடம் துக்கம் விசாரிக்கப் போனேன். "பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டு போச்சுய்யா. இப்ப வீட்ல யாரும் எதுவும் கேக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

இன்று ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி நிற்கிறது. அன்று அந்தப் பக்கம் வண்டி கிடையாது. "பாலம்தான் இருக்கே, இங்கேருந்து போய்க் கூட்டிட்டு வாங்களேன்" என்பார்கள் நிதிக் குழுவில். நாங்கள் கொடுத்த மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல்! அக்கா செயலாளராக வந்த புதிதில் நேரே ஷெட்டுக்கு வந்தார்.

"அண்ணே, இதுல படுத்துட்டுப் போனா எப்படி இருக்கும்?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? நான் உக்காந்துதானே ஓட்டுறேன். பேஷண்ட்டைத்தான் கேக்கணும்."

"அவங்க பதில் சொல்ற நிலைமையிலயா இருப்பாங்க?"

எங்களில் ஒருவருக்காவது இந்தச் சந்தேகம் வந்ததுண்டா? கிடையாது! அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். பட்டையை இறுக்கிக் கட்டச் சொன்னார். சைரன் மட்டும் வேண்டாம், அது நிஜமான நோயாளிக்கு என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடைசித் தெருவிலிருந்து மருத்துவமனைவரை ஓட்டினேன். இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அதற்காக வாய் சும்மா இருக்குமா? கூரை விளக்கு ஏன் நேரே கண்ணைக் குத்துகிறது? தலைக்கு மேலே இருக்கும் பெட்டி வளைவில் ஏன் விழுவதுபோல் ஆடுகிறது? கடைசியாக ஒன்று கேட்டார்: "எங்க போய்ட்டிருக்கோம்னு ஏன் யாருமே சொல்லல? கூரையை மட்டும் பாத்துட்டுப் படுத்திருந்தா, வழி முடியவே முடியாதுன்னு தோணுதுண்ணே."

விளக்கை மாற்றினோம். பெட்டியை முடுக்கினோம். அன்றிலிருந்து நம் வண்டியில் உதவியாளர் யாராக இருந்தாலும் நோயாளியின் காதருகே சொல்லிக்கொண்டே வருகிறார்: "கடைத்தெரு தாண்டிட்டோம். பாலம் வந்தாச்சு. இதோ ஆஸ்பத்திரி."

அப்போதிருந்த நிதிக் குழுத் தலைவரையும் அக்கா விடவில்லை. ஆள் வாட்டசாட்டம், பட்டை எட்டவில்லை. இரண்டைச் சேர்த்து முடிந்தோம். பாலத்தில் ஒரே நெரிசல். உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "யோவ், இன்னும் எவ்வளவு தூரம்யா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சாதுவாகக் கேட்டார்: "ஏன் சார், பாலம்தான் இருக்கே?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அக்கா வராத காய்ச்சலையும் வரவழைத்துக் காட்டினார்! அந்தப் பக்கத்துக்கு வண்டியும் வந்தது.

அந்த வண்டிக்கு இனியும் நிதி தேவையா என்று அடுத்த வாரம் முடிவெடுக்கப் போகிறார்களாம். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் வீடு அந்தப் பக்கம்தான். அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது போனது அந்த வண்டி. ஓட்டியது நான். மருத்துவமனை வாசலில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. கண்ணை மூடியபடியே அக்கா கேட்டார்.

"இது என்னண்ணே புதுசா?"

"வேகத்தடைம்மா."

"ஆம்புலன்ஸ் வர்ற வாசல்லயா? ஏன்?"

பிறகு விசாரித்துப் பார்த்தேன். மருத்துவமனை சாலைத் துறையைக் கை காட்டுகிறது. சாலைத் துறை நகராட்சியைக் கை காட்டுகிறது. நகராட்சி திரும்பவும் மருத்துவமனையையே கை காட்டுகிறது. பெரிய டாக்டர் அவர்களே, சிரிக்காதீர்கள், உங்களையும் சேர்த்துத்தான்!

அக்கா பிழைக்கவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து மகள் வந்து சேரும்வரை உயிரோடு இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தார்கள். அம்மா என்ன பேசினார் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். "எங்க பேசுனாங்க, மாமா? கேள்வியாத்தான் கேட்டாங்க" என்றது. இந்தப் பக்கத்திலிருந்து வண்டி பாலம் தாண்டிப் போய்த் திரும்பியிருந்தால் அந்த ஒரு பகல் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்று பெரிய டாக்டரே என்னிடம் சொன்னார். அந்தப் பகலுக்கு விலை போடத் தெரிந்தவர் இந்தக் கூடத்தில் யாராவது இருக்கிறீர்களா?

தோழர்களே, அந்த வேகத்தடை ஏன் என்று பதில் வரும்வரை கேட்போம். அந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கமே நிற்கும்படி பார்த்துக்கொள்வோம். அக்காவுக்கு நாம் கொடுக்கும் வாக்கு இது.

புதிய தலைவர் அவர்களே, நீங்கள் மட்டும்தான் இன்னும் படுத்துப் பார்க்கவில்லை. இன்று பணியில் இல்லாத மாற்று வண்டி ஒன்று வாசலில் நிற்கிறது. புது விரிப்பு போட்டிருக்கிறேன். பட்டையும் இப்போது நீளமானது. அந்தப் பக்கம் கடைசித் தெருவிலிருந்து ஒருமுறை வந்துவிடுவோம். பாலம் வந்ததும் உங்கள் காதருகே சொல்ல, அக்காவின் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள்.