தனுஷ் அம்மா

— பரிசீலனை முடிஞ்சு மனு ஏத்துக்கினாங்க இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு மேரி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வர்ற? ஏறு, ஏறு. ஜோஹராமா, நீயும் ஏறு. இன்னிக்கு நம்ம ஆட்டோல வார்டு வேட்பாளரே சவாரி வர்றாங்க, சும்மாவா!

— மெதுவாப் பேசுய்யா. கேட்டாண்ட ஜெயக்குமார் ஆளு நிக்கறான்.

— நிக்கட்டுமே! மூணு தபா கவுன்சிலர் சேர்ல உக்காந்தாரு. இந்தத் தபா வார்டு எஸ்.சி. பொம்பளைங்களுக்குனு ஆனதும், தன் பட்டறைல நூல் சுத்திக்கினு இருந்த சிம்ரன இஸ்துக்கினு வந்து நிக்க வெச்சிட்டாரு. பேரு அவளுது, சேரு இவருது. அந்த ஆளுகிட்ட எனக்கு இன்னா பயம்?

— அண்ணே, மொதல்ல வண்டிய எடுங்க. வெயில் மண்டையப் பொளக்குது.

— எடுக்கறேன் ஜோஹராமா. அந்தப் போலீஸ்காரன் மட்டும் ஆட்டோவ இங்க நிறுத்தாதனு தொரத்தலைனா நானும் உள்ள வந்திருப்பேன். தள்ளி நிறுத்திட்டு ஓடியாறதுக்குள்ள கதவ சாத்திட்டாங்க. நல்ல வேளை, இவ பேர முன்மொழிஞ்சவங்கனு நீ உள்ள இருந்த. இவளுக்குத் துணையா நின்னியே, அது போதும்.

— நான் இன்னா துணை நின்னேன்? சும்மா நின்னேன், அவ்ளோதான்.

— மேரி, சீட்டுக்குப் பின்னால பாரு. வாழ எலைல சுத்தி ஒண்ணு இருக்குது.

— இன்னாது?

— சம்பங்கி மால. காலைலயே வாங்கிட்டேன். மனு பாஸானா நேரா ஓரிக்கை ரோட்டு கல்லறைக்குப் போறோம், தனுஷ் கிட்ட சொல்றோம், மால போடறோம், அப்புறம்தான் வீடு. மொதல்ல நம்ம புள்ளைக்கு, அப்பால ஊருக்கு.

— இன்னிக்கு வேணாம்யா.

— ஏன் வேணாம்?

— வேணாம்னா வேணாம். தல வலிக்குது. வீட்டுக்குப் போ.

— அய்ய, இது இன்னா கூத்து! ஞாயித்துக்கிழம ஆனா மழயிலயும் நடந்தே போறவ நீ. யோவ், ஓரம் போய்யா! கோயிலுக்கு வந்த வேனுனா ரோட்ட உனுக்கு எழுதியா குடுத்துட்டாங்க? பாரேன் ஜோஹராமா, இவளுக்கு இன்னா ஆச்சு?

— காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல அண்ணே. விடுங்க.

— சாப்பிடலாம், பிரியாணியே சாப்பிடலாம். இரு, போன் அடிக்குது. நோட்டீஸ் அடிக்கற பிரஸ்ல இருந்து கலியாணசுந்தரம். அலோ, சொல்லுங்கண்ணே! ஆமா, மனு பாஸு! அதே வாசகம்தான், மாத்தாதீங்க. 'தனுஷ் அம்மாவுக்கு உங்கள் ஓட்டு.' பெருசா போடுங்க. கீழ புள்ள போட்டோ, ஸ்கூல் யூனிபார்ம்ல இருக்கறது. அதுக்கும் கீழ, 'இன்னொரு பிள்ளை அந்தக் குழியில் விழ வேண்டாம்'னு...

— போன வை.

— இன்னாமா?

— போன வைய்யா!

— அண்ணே, அப்புறம் பேசறேன். இன்னா மேரி, அந்த மனுஷன் மிஷின் மேல கை வெச்சிக்கினு காத்துக்கினு இருக்கறாரு.

— அடிக்க வேணாம்னு சொல்லு.

— நீதானே சொன்ன, எனக்கு வேற பேரு வேணாம், தனுஷ் அம்மானே போடுனு! பாதாள சாக்கடைக்குத் தோண்டின குழிய மூடச் சொல்லி ஜெயக்குமார் வாசப்படிய எத்தினி தபா ஏறின? மூணு மனு குடுத்த. ஒரு பலகை போட்டிருந்தா போதும். மழ வந்துச்சு, தண்ணி ரொம்பிச்சு, எது குழி எது ரோடுனு தெரியல. ஆறு வயசுப் புள்ளைக்கு இன்னா தெரியும்? இன்னிக்கும் அது மேல ஒரு முள்ளுக் கெளையப் போட்டு வெச்சிருக்கறாங்க. அதுக்குத்தானே நீ நின்ன?

— அதுக்குத்தான் நின்னேன்.

— அப்புறம் இன்னா?

— ஜோஹரா, நீ சொல்லு. என்னால ஆவல.

— நான் எப்படிக்கா... யா அல்லா. அண்ணே, வண்டிய மெதுவா ஓட்டுங்க. உள்ள ஒரு ஆட்சேபணை குடுத்தாங்க. கையெழுத்து சிம்ரனுது. பேசினது ஜெயக்குமார் வக்கீலு.

— இன்னா ஆட்சேபணை? சர்ட்டிபிகேட் எல்லாம் பக்காவா இருக்குது. மஹாலட்சுமி, இந்து ஆதிதிராவிடர். தாசில்தார் சீலோட.

— அதான் அண்ணே. காயிதத்துல மஹாலட்சுமி, தெருவுல மேரி, ரெண்டும் ஒரே ஆளுதான், சர்ச்சுக்குப் போறவங்கனு சொன்னாங்க. கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டா எஸ்.சி. கிடையாது, இந்த வார்டுல நிக்கவே முடியாதாம்.

— நம்ம சனத்துல பாதி பேரு அப்படித்தானே இருக்கறாங்க? காயிதத்துல ஒரு பேரு, ஜெபத்துல ஒரு பேரு. அந்த சிம்ரனே கிறிஸ்மஸுக்கு முன் பெஞ்சுல உக்காந்து பாடறவ! தனுஷ இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவ!

— அவ தலைய நிமித்தவே இல்ல அண்ணே. முந்தானைய முறுக்கிக்கினே உக்காந்திருந்தா.

— ஆதாரம் இன்னா வெச்சாங்க? பாஸ்டர் ரிஜிஸ்டரத் தூக்கிக் குடுத்துட்டாரா?

— அவரு குடுக்கல.

— அப்ப இன்னாதான் வெச்சாங்க? வாயத் தொறயேன் மேரி.

— போட்டோய்யா.

— இன்னா போட்டோ?

— கல்லறை போட்டோ. சிலுவையும், அதுல நீ பெயிண்ட்ல எழுதினதும். 'தனுஷ். வயது ஆறு. அம்மா மேரி.' அதுக்குக் கீழ நம்ம தெரு பேரும் டோர் நம்பரும். எல்லாம் தெளிவா தெரியுது.

— அது... அவன் ஸ்கூல் பையில எழுதிக் குடுப்பேனே, அந்த மாதிரிதான் எழுதினேன். ஒரு தபா தேர்த் திருவிழா கூட்டத்துல தொலைஞ்சு போனான் இல்ல? பை மேல இருந்த அட்ரஸப் பாத்துதானே கொண்டாந்து விட்டாங்க. அங்க தனியா கெடக்கறானே, வீட்டுக்கு வழி தெரியாம போயிடுமோனு மனசு கேக்கல. அது நம்ம கழுத்தயே அறுக்கும்னு நான் கண்டேனா?

— உன்ன யாரும் குத்தம் சொல்லல.

— இரு இரு. அத வெச்சும் மனு ஏத்துக்கினாங்களே, அது எப்படி? ஜோஹராமா?

— அந்த ஆபீசர் நல்ல மனுஷன்தான் அண்ணே. சர்ட்டிபிகேட் செல்லும், ஆனா இந்த போட்டோவுக்கு ஒரு பதில எழுத்துல குடுங்கனாரு. பதினஞ்சு நிமிஷம் டைம் குடுத்தாரு. அக்கா தண்ணி கேட்டாங்க. குடிக்கல. டம்ளர கையில வெச்சிக்கினே இருந்தாங்க.

— இன்னா பதில் எழுதின மேரி? உன்னத்தான் கேக்கறேன்.

— குழிய மூடணும்யா. அத மட்டும்தான் நெனச்சேன். நான் வெளிய போயிட்டா சிம்ரனும் அவரு போட்ட டம்மி வேட்பாளர் ஒண்ணும்தான் மிச்சம். டம்மி வாபஸ் வாங்கிடும். அப்புறம் ஓட்டே கிடையாது, போட்டி இல்லாமயே அந்த ஆளு மறுபடி வந்து உக்காந்துடுவாரு. முள்ளுக் கெளை அப்படியே கெடக்கும். அடுத்த மழைக்கு இன்னொருத்தி புள்ள...

— அது சரி. நீ இன்னா எழுதின?

— அந்தக் கல்லறைல இருக்கறது என் புள்ள இல்லனு. 'அந்தக் குழந்தைக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் இல்லை'னு எழுதினேன். குழந்தைனு எழுதினது கோணலாப் போச்சு. அடிச்சிட்டு மறுபடியும் எழுதினேன். கீழ மஹாலட்சுமினு கையெழுத்துப் போட்டேன்.

— அண்ணே! லாரி! முன்னால பாருங்க!

— பாத்துக்கினுதான் இருக்கறேன். கண்ணு மறைக்குது. ஓரமா நிறுத்திக்கறேன், ஒரு நிமிஷம் இருங்க.

— திட்டுய்யா. வேணும்னா ரெண்டு அடி அடி. இப்படி சும்மா மட்டும் உக்காந்திருக்காத.

— யார அடிக்கறது? டோர் நம்பர் எழுதினவனே நான்தானே. விடு மேரி. காயிதம்தானே? காயிதத்துல நாம இந்து கூடத்தான். நோட்டீஸே வேணாம், வீடு வீடாப் போய் வாயால கேக்கலாம். அவன் யாரு புள்ளனு தெருவுக்கே தெரியும்.

— அப்படி இல்ல அண்ணே. வெளிய வரும்போது பாத்தேன். ஜெயக்குமாரு அக்கா எழுதின பதிலுக்கு ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கினாரு, சீலு வெச்சு. மனு ஏத்துக்கினாங்களேனு அவருக்கு மூஞ்சி கூட மாறல. சிரிச்சாரு. பெத்த புள்ளையவே இல்லனு எழுதினவளுக்கா உங்க ஓட்டுனு நாளைக்கே மைக் வெச்சு கேப்பாரு, பாருங்க.

— அட பாவி! அப்ப என் புள்ளதான்னு சொன்னா மனு போச்சு. இல்லனு சொன்னா ஓட்டு போச்சு.

— நம்ம நசீபு அண்ணே, தலையெழுத்து. நானும் அங்கதான் நின்னேன். எனக்கும் ஒண்ணும் தோணல.

— வாபஸ் வாங்கிடலாம் மேரி. நமக்கு வேணாம்மா இந்த எழவு. நாளைக்கே போய் எழுதிக் குடுத்துடலாம்.

— வாபஸ் வாங்கினா, நான் எழுதினது இல்லனு ஆயிடுமா? சொல்லுய்யா.

— ஆவாது.

— அப்புறம்?

— சரி, வேற ஒண்ணும் பேச வேணாம். கல்லறை பக்கத்துலதான் இருக்குது. புள்ளையாண்ட ஒரு நிமிஷம் நின்னுட்டு வந்துடலாம். நீ அவன்கிட்டயே சொல்லிடு. அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்.

— கண்ணாடில பாருய்யா. கேட்டாண்ட நின்னானே, அந்தப் பையன். பைக்குல நம்ம பின்னாலயேதான் வந்துக்கினு இருந்தான். நீ நிறுத்தினதும் அவனும் டீக்கடையாண்ட நிறுத்திட்டான். கையில போன் இருக்குது. நான் போய் நின்னா இன்னொரு போட்டோ. எலெக்சன் முடியற வரைக்கும் நான் அந்தப் பக்கம் போவ முடியாது. நீயும் போவக் கூடாது.

— மால வாடிப் போயிடும் மேரி.

— ஜோஹரா.

— சொல்லுக்கா.

— நீ இங்கயே எறங்கிக்கோ. மாலைய எடுத்துக்கினு போய் அவனுக்குப் போட்டுட்டு வா. யாரு புள்ளனு எவனாவது கேட்டா, உன் புள்ளனு சொல்லிடு.