மேலே இருந்த வரி

சாரல் காலத்தில் துணி காயாது. அன்று மதியமும் அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்ஸ்பெக்டர் சார்.

தென்காசியில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை. வருகிற அழைப்பெல்லாம் எக்ஸ்எம்எல் என்கிற கணினிக் கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொரு வரியாக ஏறும். நேரம் பதிவாகாது. மேலே இருப்பது முந்தியது, கீழே இருப்பது பிந்தியது, அவ்வளவுதான். இரண்டை ஒப்பிட்டு எது முந்தி என்று சொல்லும் நிரலை எழுதியது நான். அது தப்பாகச் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது தப்புச் சொல்லாது.

முதலில் குத்துக்கல்வலசையிலிருந்து என் நாத்தனார் ஆனந்தவள்ளி கூப்பிட்டாள்.

"மைனி, அண்ணன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டுத் துடிக்கான். வேர்த்து ஊத்துது. வண்டிய அனுப்புங்க."

அண்ணன் என்றால் என் கணவர் இசக்கிதுரை. பதிந்தேன். அடுத்து ஐந்தருவியிலிருந்து ஒருவர். வழுக்கி விழுந்ததில் கணுக்கால் வீங்கியிருந்தது. அதையும் பதிந்தேன். இருந்தது ஒரே வண்டி.

டிரைவர் மணிமுத்து வாசலில் நின்று வடை தின்றுகொண்டிருந்தான்.

"எக்கா, எங்கன போவ? சீக்கிரம் சொல்லுங்க, இன்னொரு வடை வாங்கவா வேண்டாமான்னு தெரியணும்."

நிரலை ஓட்டினேன். குத்துக்கல்வலசை முந்தி என்றது. அந்த வரியை வெட்டி, ஐந்தருவிக்குக் கீழே ஒட்டினேன். மறுபடி ஓட்டினேன். ஐந்தருவி முந்தி என்றது.

"எலே, ஐந்தருவிக்குப் போ," என்றேன்.

ஆனந்தவள்ளி இன்னும் நான்கு முறை கூப்பிட்டாள். "வண்டி கெளம்பிட்டு, இந்தா வந்துரும்," என்று நான்கு முறையும் சொன்னேன். இல்லையென்றால் ஆட்டோவாவது பிடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

மகள் சுஜிதாவைப் பற்றிக் கேட்டீர்கள். அப்போது ஏழு வயது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மன் கோயில் கொடைத் திருவிழா சமயத்தில் காய்ச்சலில் கிடந்தாள். கொடைக் கமிட்டியில் என் கணவர்தான் பொருளாளர். "மொதல்ல கொடை முடியட்டும்ட்டி, பெறவு ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றார். கொடை நன்றாகவே நடந்தது. மறுநாள் அவளைப் புதைத்தோம்.

அதையும் இதையும் முடிச்சுப் போட வேண்டாம். அவரை நான் மன்னித்து வெகுநாளாகிறது. வரியை மாற்றியது நான். வண்டி போகாவிட்டால் அவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தேதான் மாற்றினேன். சொந்தப் புருஷன் என்பதற்காக அலுவலகத்தில் அவரை முன்னால் வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.