எல்டனோட என்ஜின்

அந்த ஸ்டூல்ல வேண்டாம் பாஸ்டர், பூரா கிரீஸு. இப்படி டயர் மேல உக்காருங்க. காப்பி இருக்கு. காலையில போட்டது, தார் மாதிரிதான் இருக்கும், இருந்தாலும் குடிங்க. என்னது, பைக்கப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தீங்களா? சரி சரி. நோரீன் அனுப்பலங்கறீங்க. நான் கேக்கவே இல்லியே.

பாருங்க, நல்லாப் பாருங்க. தொடலாம், சூடு ஆறிருச்சு. பிரேம் வந்து எம்பத்திரண்டு மாடல் ஜப்பான் பைக்கோடது. என்ஜின் மட்டும் வேற. பனிவண்டி என்ஜின். ஆமா, குளிர்காலத்துல உறைஞ்ச ஏரி மேல பசங்க ஓட்டிக்கிட்டுத் திரியறாங்களே, அதே வண்டிதான். டூ ஸ்ட்ரோக்கு, ரெண்டு சிலிண்டரு, அறுநூறு சிசி. இதுல கியரே கிடையாது. பெல்ட்டுதான். ஆக்ஸிலேட்டர முறுக்கினா கொஞ்ச நேரம் சும்மா கத்தும், ஒண்ணும் நகராது. அப்புறம் ஒரே பிடியாப் பிடிக்கும் பாருங்க, பிடரியில அடிச்ச மாதிரி கிளம்பும். தெரியாதவன் ஏறினான்னா வேலியில போய்த் தொங்குவான்.

கஷ்டமா? ரெண்டு வருஷம் ஆச்சு. மொதல்ல சூடு. பனியில ஓடறப்போ அடியிலருந்து பனி அடிச்சுக்கிட்டே இருக்கும், அதுலயே குளுந்துரும். ரோட்டுல பனிக்கு எங்க போறது? மொத தடவ மூணு மைல் போறதுக்குள்ள தண்ணி கொதிச்சு என் தொட மேல ஊத்திருச்சு. இங்க பாருங்க, தழும்பு. அப்புறம் நொறுங்கிப்போன கார் ஒண்ணுலருந்து ரேடியேட்டரக் கழட்டி மாட்டினேன். அப்புறம் செயின். என்ஜின் குறுக்க உக்காந்திருக்கு, பின் சக்கரம் ஒரு சாண் தள்ளி நிக்குது. நடுவுல ஒரு ஷாப்ட்டக் குடுத்து ஒட்டவைக்க டுவேனக் கூப்பிட்டேன். டுவேன் தெரியும்ல, வெல்டிங் பட்டறை, உங்க பிரசங்கத்துல மொத ஆளாத் தூங்குவானே, அவன்தான். வந்து பாத்துட்டு, ஏன்டா ஆர்லன், நீ பைக் செய்யறியா இல்ல கொசுவுக்குப் புகை அடிக்கிற மிஷின் செய்யறியான்னான். சிரிக்காதீங்க, நெஜமாவே அப்படித்தான் புகையும்.

அந்த டுவேன் இப்ப இந்தப் பக்கம் வர்றதில்ல. மொத நாள் ஸ்டார்ட் பண்ணினேன் பாருங்க, ஒரு நிமிஷம் கேட்டான். சத்தத்தக் கேட்டான். கையத் தொடச்சான். இது எல்டன் வண்டி என்ஜினான்னான். ஆமான்னேன். தொப்பிய எடுத்துக்கிட்டுப் போனவன்தான்.

ஆமா பாஸ்டர், என் தம்பி எல்டன் வண்டிதான். நீங்க இந்த ஊருக்கு வந்து மூணு மாசம் ஆகுது, இதக்கூட யாரும் சொல்லலன்னா நான் நம்பணுமா?

அவனுக்கு மரம் அறுக்கிற மில்லுல வேலை. ஏரிக்கு அந்தப் பக்கம். ரோட்டுல சுத்திக்கிட்டு வந்தா பதினோரு மைல், பனிக்கட்டி மேல வந்தா மூணே மைல். டிசம்பர் மொத வாரம். நல்லா உறைஞ்சுதான் இருந்துச்சு, ஆறு வந்து ஏரியில சேர்ற அந்த ஆத்து வாய் ஒண்ணத் தவிர. அங்க அடியில தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். வண்டியோட உள்ள போயிட்டான். இருட்டினதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. காலையில ஷெரிப்போட போலீஸ் ஆளுங்க வந்தாங்க. மொதல்ல வண்டி கிடைச்சுது. சங்கிலி போட்டு இழுத்துக் கரையில போட்டாங்க. எல்டன இன்னும் தேடிக்கிட்டு இருந்தாங்க.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுக்குங்க. என்ஜின் தண்ணிக்குள்ள கிடக்கறவரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. வெளிய எடுத்து காத்துப் பட்டுச்சுன்னா, ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான் கெடு. துரு ஏறிரும். அதனால நான் அத டிரக்குல தூக்கிப் போட்டு இங்க கொண்டுவந்துட்டேன். பிளக்கக் கழட்டி, கவுத்து, தண்ணிய வடிச்சு, டீசல ஊத்தி ஊத்தி ஸ்டார்ட்டர் கயித்த இழுத்துக்கிட்டு இருந்தேன். ஷெரிப் ஆளு ஒருத்தன் ஓடியாந்தான், சின்ன வயசு, அழுதுருவான் போல இருந்தான். கிடைச்சுட்டாருங்க, வாங்கன்னான். இரு தம்பி, ரெண்டு நிமிஷம், இந்த சிலிண்டர முடிச்சுட்டு வந்துர்றேன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவன் செத்துட்டான். என்ஜின் சாகல.

நோரீனா? எல்டனுக்குப் பொண்டாட்டி ஆகறதுக்கு முன்னாலயே அவ என் கூடப் படிச்சவ, தெரியுமா? எட்டாங் கிளாஸ்லருந்து தெரியும். அடக்கத்தன்னிக்கு என் சட்டையப் புடிச்சுக்கிட்டு அழுதா. நான்தான் ஆர்லன், நான்தான் போன் பண்ணி சீக்கிரம் வா, மீன் சூப்பு ஆறிப்போகுதுன்னு சொன்னேன், அதான் குறுக்கால வந்துட்டான், நான்தான் கொன்னுட்டேன்னா. எல்லாரும் இல்லம்மா, இல்லம்மான்னு முதுகத் தடவிக்கிட்டு இருந்தாங்க. என் மூஞ்சியப் பாத்தா, நான் என்ன சொல்லப்போறேன்னு. சொல்லாம இருந்திருக்கலாம் நோரீன்னேன். அவ்வளவுதான். ஒரே வார்த்தை. அதோட அழுகைய நிறுத்திட்டா.

ஸ்கூல் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தா, விட்டுட்டா. ஏரியப் பாத்த ஜன்னலுக்கெல்லாம் துணிய ஆணியடிச்சு மறைச்சுட்டா. மீனத் தொடறதில்ல. எலும்பாப் போயிட்டா, அத நீங்களே பாத்திருப்பீங்க.

சத்தத்தக் குறைக்கலாமே, சைலன்சர் போடலாமேங்கறீங்க. போடலாம். அர மணி நேர வேல. இந்தப் புகைக்குழாயப் பாருங்க, வயித்துல ஒரு நசுங்கல் இருக்கா? எல்டன் ஒரு தடவ மரத்துல மோதினது. அதனால இதுக்குன்னு ஒரு சத்தம் உண்டு, கரகரன்னு, தொண்ட கட்டினவன் கூப்பிடற மாதிரி. தட்டி நேராக்கிறேன்னான் டுவேன். கைய வச்சே, உடைச்சுருவேன்னேன். அந்தச் சத்தம் கேட்டா அவன் வீட்டுக்கு வந்துட்டான்னு அர்த்தம், அவளுக்கு. பத்தொம்பது வருஷம், பனிக்காலம் பூரா, சாயங்காலம் அஞ்சரைக்கு அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் அடுப்பத் தணிச்சிருக்கா.

நானும் அஞ்சரைக்குத்தான் போவேன். மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும், மழை பேஞ்சா மட்டும் கிடையாது. மொத நாள் கதவத் தொறந்துக்கிட்டு வெறுங்காலோட ஓடியாந்தா பாஸ்டர். வாசப்படி வரைக்கும் ஓடியாந்து, என்னப் பாத்துட்டு, அப்படியே உக்காந்துட்டா. நான் கைய ஆட்டிட்டுப் போனேன். இப்பல்லாம் ஓடியாறதில்ல. திரைக்குப் பின்னால நிக்கிறது தெரியும்.

கெட்டவன்தான். யாரு இல்லன்னா?

அவ தன்னையே திட்டிக்கிட்டு இருக்கறவரைக்கும் வேற யாரையும் தேட மாட்டாள்ல. அது இருக்கட்டும். போன வியாழக்கிழமை நடந்தத உங்ககிட்ட சொல்லியிருப்பாளே? ம். நடு ரோட்டுல வந்து நின்னா. கைய நீட்டிக்கிட்டு. சுத்திப் போலாம்னு பாத்தேன், பள்ளம். நிறுத்தினேன். என்ஜின அணைக்கல. கிட்ட வந்து கத்தினா, எல்டன் யாரையும் கேக்காம பனிக்கட்டி மேல கால வைக்க மாட்டான், கயிறு இல்லாம, உள்ள விழுந்தா பனியில குத்தி மேல ஏற குத்தூசி இல்லாம போகமாட்டான், பயந்தாங்கொள்ளின்னு மில்லே கேலி பண்ணும், ஆத்து வாய் கரையில வீடு இருக்கறவங்க மூணே பேருதான், மத்த ரெண்டு பேர் வீட்டுக்கும் போய் நேத்து கேட்டுட்டேன், அன்னிக்கு அவங்களுக்கு போன் வரல, உனக்கு வந்துச்சா ஆர்லன்னா. நாலு வருஷம் ஆச்சு இதக் கேக்கறதுக்கு. அவ்வளவு நாளா சூப்பையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கா, பாவம்.

நான் என்ன சொன்னேனா? முறுக்கினேன். புகை அவ மூஞ்சியப் பூரா மூடிருச்சு. இருமிக்கிட்டே ஒதுங்கினா, நான் வந்துட்டேன்.

இப்ப நீங்க. அதத்தான கேட்டுட்டு வரச் சொன்னா? ஆங், அப்படி வாங்க வழிக்கு. பைக்கப் பாக்க வந்தாராம்.

ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் தன் பாவம்னு சொல்லி உங்க காதுல சொன்னான்னா, நீங்க அத வெளிய விடக்கூடாது, இல்லியா? ஷெரிப் கேட்டா? நோரீன் கால்ல விழுந்து கேட்டா? தலைய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. ம். சத்தியம் பண்ணியிருக்கீங்க. நல்லது. அப்ப எந்திரிக்காதீங்க. எங்க போறீங்க, கேக்கணும்னுதான வந்தீங்க? இது பாவமன்னிப்புதான், நான் மனசாரத்தான் சொல்றேன், நீங்க கேட்டுத்தான் ஆகணும். அவ வீட்டு வாசல்ல உக்காந்து அவளுக்கு ஜெபம் பண்றப்பல்லாம் இது உங்க வாய்க்குள்ளயே கிடக்கட்டும்.

போன் வந்துச்சு. நாலே முக்காலுக்கு, மில் வாசல்லருந்து. அண்ணே, ஆத்து வாய்ப் பக்கம் எப்படி இருக்கு, துளை போட்டுப் பாத்தியான்னான். பாத்தேன்டா, பனிக்கட்டி ஏழு இஞ்ச்சு கனம் இருக்கு, கண்ண மூடிக்கிட்டு வாடான்னேன். சரிண்ணேன்னு வச்சுட்டான்.

நான் அன்னிக்கு ஏரிப் பக்கமே போகல பாஸ்டர். கோவமா, அவன் மேலயா? சேச்சே, எனக்கென்ன கோவம், நல்ல பய. என் வீட்டுலருந்து அறுபது அடி இருக்கும் அந்த இடம், இரு பாத்துட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அப்பதான் வேல முடிஞ்சு வந்து பூட்ஸக் கழட்டியிருந்தேன். அந்தக் குளுருல மறுபடியும் யாரு மாட்டறதுன்னு இருந்துட்டேன்.