வாசனை போகும்வரை

பீடியை விட நினைக்கிறவர்கள் சட்டைப் பையில் பொட்டுக்கடலை வைத்துக்கொள்வது நல்லது. கிராம்பு நாக்கை எரிக்கும். மிட்டாய் திகட்டிவிடும். பொட்டுக்கடலை ஒன்றும் செய்யாது. பைக்குள் போன கை வெறுமனே திரும்பக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். என்னிடம் வந்து கேட்கிற டிரைவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். கேட்டு நடந்து, விட்டவர்களும் இருக்கிறார்கள்.

என் பெயர் தங்கதுரை. கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறேன். பஸ் வராத வேளையில் மலைக்காரர்களுக்கு என் வண்டிதான். மேலே போகும்போது அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் டின்னும், இறங்கும்போது சாமை, புளி, ஆட்கள். மீசை முளைக்காத வயதிலேயே பீடி பழகிவிட்டது. மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் எனக்கு எத்தனையாவது பீடி என்பதை வைத்துத்தான் மனதில் இருந்தது.

விட்டதற்குக் காரணம் என் மகள் செந்தமிழ்ச்செல்வி. அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுக்கு இளைப்பு. படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் இருக்கும். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு என் சட்டையை முகர்ந்தார். "பொண்ணுக்கு மருந்து தர்றேன். உங்களுக்கு எங்கிட்ட மருந்து கெடையாது. நீங்களா உட்டாத்தான் உண்டு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வளர்மதி என் கையைப் பிடித்துக் குழந்தையின் தலையில் வைத்தாள். "இனிமே தொடமாட்டேன்னு சொல்லு. அவ தலமேல அடிச்சு சொல்லு."

சொன்னேன்.

குழந்தை தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். "அப்பா, நீ பொய் சொன்னா எனக்கு இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. நான் பொய் சொல்லமாட்டேன்" என்றேன். வளர்மதியின் சின்ன மாமன் ஒருவர் இப்படித் தலையில் அடித்துச் சத்தியம் செய்து மீறியதும், அவருடைய பையன் கிணற்றில் விழுந்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

மறுநாள் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனேன். அன்றைக்குத்தான் கீழே மறியல் ஆரம்பித்தது. எண்பத்தேழாம் வருஷத்து செப்டம்பர் மறியல். இடஒதுக்கீடு கேட்டு ரோடு ரோடாக மரத்தை வெட்டிப் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ் கிடையாது, லாரி கிடையாது. இறங்க வழியில்லாமல் நான் மலையிலேயே தங்கிவிட்டேன்.

ஒரு வகையில் அது எனக்கு நல்லது என்றுகூட நினைத்தேன். ஆண்டாள் டீக்கடைக்குக் கீழேயிருந்துதான் சரக்கு வர வேண்டும். சீக்கிரமே பீடி தீர்ந்துவிட்டது. "வண்டி வந்தாத்தான் பீடி. நீதான் உட்டுட்டியே, உனுக்கு இன்னா கவல?" என்று அந்த அம்மா சிரித்தாள். விட்டுவிட்டேன் என்று நான்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சொல்லிவிட்டால் மானத்துக்காவது பயப்படுவோம் என்று ஒரு எண்ணம்.

ஆனால் கிடைக்காமல் இருப்பது வேறு, விடுவது வேறு. அது அந்த நாட்களில்தான் தெரிந்தது. காலையில் வெளிக்குப் போக முடியாது. டீ வெந்நீர் மாதிரி இருக்கும். யாராவது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால் அவர்கள் வாயில் துணியை அடைக்கலாம் என்று தோன்றும். விரல் நுனியெல்லாம் நமநமக்கும். பீடி வந்துவிட்டதா என்று ஆண்டாளிடம் பலமுறை கேட்டேன். மற்றவர்களுக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். ஒரு தடவை கடைக்குப் பின்னால் குப்பையில் கிடந்த துண்டுப் பீடியை எடுத்து முகர்ந்தேன். மழையில் ஊறிப்போனது. தூக்கி எறிந்துவிட்டேன்.

அந்த நிலையில் நான் இருக்கும்போதுதான் வெள்ளையன் வந்தான். சாமை விதைத்துப் பிழைக்கிறவன். என் வண்டியில் அடிக்கடி வருவான். விடியும்போது அவன் மனைவி சாலம்மாளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிள்ளை, பெண். நஞ்சுக்கொடி முழுசாக விழவில்லை. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள்.

"அண்ணே, எப்டினா கீழ கொண்டுபோயி சேத்துருங்கண்ணே."

"ரோடு மூடிக் கெடக்குதுப்பா."

"தெரியும்ணே. கால்ல உழறேன். பாத்துப் போலாம்ணே."

நான் மறுக்கவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். வண்டிக்கு ஏதாவது ஆனால் முதலாளிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். இருந்தும் எடுத்தேன். சாலம்மாளைப் பின்னால் படுக்க வைத்தோம். அவளுடைய அக்கா தைலம்மாள் குழந்தையை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளையன் தன் மடியில் மனைவியின் தலையை எடுத்து வைத்துக்கொண்டான்.

வளைவுகளில் மெதுவாகத் திருப்பினேன். தைலம்மாள் பின்னாலிருந்து சொன்னாள்: "தம்பி, நீ பீடிய உட்டது நல்லதாப் போச்சு. மாசமான நாள்லேருந்து அவுளுக்கு பீடி நாத்தம் ஆவாது. கொமட்டிக்கினு வரும்."

சாலம்மாள் கண்ணைத் திறந்து, நல்ல வண்டி என்றோ நல்ல மனுஷன் என்றோ ஏதோ முனகினாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. இளவட்டங்கள் இருபது பேர் இருப்பார்கள். அவர்களுக்குத் தலைவன்போல இருந்தவன் அறிவுச்செல்வன். அந்த ஊர்க்காரன், பி.ஏ. படித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தவன். வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"டேய், கெளைய வெட்டுங்கடா. ஆஸ்பத்திரி கேஸுடா" என்று கத்தினான். அவனே முதலில் அரிவாளைப் பிடுங்கினான். மேட்டோரமாக ஒரு ஜீப் நுழைகிற அளவுக்குக் கிளையை வெட்டி இழுத்துப்போட்டார்கள். பள்ளத்தில் கல் போட்டார்கள். வண்டி சாய்ந்தபோது தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள்.

"போங்கண்ணே. கச்சிராயபாளையத்துக்கு இந்தாண்ட ஒரு மரம் கெடக்குது. நம்ம பசங்கதான். அறிவு உடச் சொன்னான்னு சொல்லுங்க, உட்டுருவாங்க. அதுக்கப்புறம் கள்ளக்குறிச்சி வரைக்கும் ரோடு கிளியரு."

தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் வாயில் பீடி இருந்தது. நான் அதையே பார்ப்பதைப் பார்த்து ஒன்றை நீட்டினான். "வேணாம்பா, உட்டுட்டேன்" என்றேன். பின்னால் தைலம்மாள் இருந்தாள், வெள்ளையன் இருந்தான். வேறு என்ன சொல்ல முடியும்?

ஆனால் அந்தப் புகை என் மூக்கில் ஏறிவிட்டது. கொஞ்ச தூரம் போவதற்குள் ஸ்டியரிங் பிடித்த கை ஆட ஆரம்பித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. பையில் இருந்த பொட்டுக்கடலையை மொத்தமாக வாயில் போட்டு மென்றேன். மண் மாதிரி இருந்தது. பின்னால் குழந்தை அழுதது. அந்தச் சத்தம் என் மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல் இருந்தது. இப்படிப்பட்ட கையோடு ஒரு உயிரை வைத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து என்று நினைத்தேன். இன்றைக்கும் அது தவறான யோசனை என்று தோன்றவில்லை.

இருபுறமும் கரும்பு வளர்ந்து நின்ற ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"இன்னாண்ணே?" என்றான் வெள்ளையன்.

"முன்னால மரம் கெடக்குதுன்னாங்க இல்ல. வண்டியோட போயி மாட்டிக்கினா திரும்பவும் முடியாது. நான் நடந்துபோயி பேசிட்டு வர்றேன். நீ எறங்காத, அவ தலய ஆட்டாத."

"சீக்கிரம் வாண்ணே."

நான் மரத்தைப் பார்க்கப் போகவில்லை. வரப்பில் இறங்கிக் கரும்புக்குள் நடந்தேன். உள்ளே ஒரு மோட்டார் கொட்டகை உண்டு. இருசப்பன் என்று ஒரு கிழவர் அங்கே காவல் இருப்பார். அவரிடம் எப்போதும் பீடி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர் கொட்டகையில் இல்லை. கடைமடையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். அங்கே போய் வாங்கிப் பற்றவைத்தேன். முதல் இழுப்பில் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கை நின்றது. மண்டைக்குள் இருந்த சத்தம் நின்றது. கரும்புத் தோகை காற்றில் உரசுவது அப்போதுதான் காதில் விழுந்தது. உலகத்தில் யாரிடமும் எனக்குக் கோபம் இல்லாமல் போயிற்று. இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கிழவர் மறியலைப் பற்றி ஏதோ கேட்டார். பதில் சொன்னேன்.

எழுந்த பிறகுதான் வாசனை ஞாபகம் வந்தது. இப்படியே போனால் தைலம்மாளுக்குத் தெரிந்துவிடும். அவள் மலை முழுக்கச் சொல்லுவாள். சொன்னது வளர்மதி காதுக்கு வரும். அதைவிட முக்கியம், சாலம்மாளுக்குப் பீடி வாசனை ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். மோட்டார் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தேன். உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தேன். போகவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரம் இருந்தது. தளிரைப் பறித்து மென்று துப்பினேன். மறுபடி மென்றேன். சட்டையைக் கழற்றி வெயிலில் உதறினேன். விரல் இடுக்கில் மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வாசனை போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளையன் என்னைக் கூப்பிடுகிற சத்தம் இரண்டு மூன்று தடவை கேட்டது. பதில் கொடுத்தால் எந்தத் திசையிலிருந்து வருகிறேன் என்பது தெரிந்துவிடும். அதனால் கொடுக்கவில்லை.

நான் வரப்பில் சுற்றி, ரோட்டில் ஏறி, முன்பக்கமாக நடந்து வந்தபோது தைலம்மாள் அழுதுகொண்டிருந்தாள். ரத்தம் வண்டியின் அடியில் ஒழுகி மண்ணில் கறுப்பாகப் பரவியிருந்தது. வெள்ளையன் அழவில்லை. உயிர் போன மனைவியின் தலையை மடியிலிருந்து எடுக்கவுமில்லை.

"இன்னாண்ணே, இம்மா நேரம்?"

அவனுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். இல்லையா?

"கும்புட்டுக் கேட்டேன்டா. உடமாட்டேன்னுட்டானுங்க" என்றேன்.

"அறிவு பேரச் சொன்னியா?"

"சொன்னேன். ஒரு வண்டியும் உடாதேன்னு சொல்லி அனுப்புனதே அவன்தானாம்."

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. தெரிந்த பெயர் அது ஒன்றுதான். வாயில் வந்தது. வெள்ளையன் மெதுவாகத் தலையை ஆட்டினான். அடிவாரத்தில் தோள் கொடுத்துத் தள்ளியதெல்லாம் நடிப்பு என்று அவன் நம்ப ஆரம்பித்தது அந்த நேரத்தில்தான்.

மறியல் முடிந்ததும் போலீஸ் ஊர் ஊராகப் போயிற்று. யார்மேல் எதைப் போடுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வெள்ளையன், அறிவுச்செல்வன் என்ற பெயரோடு போய் நின்றான். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவனிடம் ஒன்று, போலீசிடம் ஒன்று என்று சொன்னால் நன்றாக இருக்காது. ஒரே மாதிரி சொன்னேன். அறிவுச்செல்வன் ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்தான். இரண்டு வருஷம் கழித்து ஒதுக்கீட்டு ஆணை வந்தது. அவனோடு மரம் வெட்டிய பையன்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. அவனுக்கும் கடிதம் வந்ததாம். கேஸ் இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டினான். பகலிலேயே குடித்தான் என்று கேள்வி.

விசாரணை நாளன்று கோர்ட் வாசலில் என்னிடம் வந்தான். அடிக்க வருகிறான் என்று நினைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, அந்த மரத்தாண்ட யாரு உடமாட்டேன்னது? ஒரு பேரு சொல்லுங்க போதும். அங்க இருந்த அத்தன பேரையும் கேட்டுட்டேன். அப்டி ஒரு வண்டியே வரலன்றாங்க. நான் போங்கன்னு சொல்லி அனுப்பிச்சனே, எங்க தப்பு நடந்துதுன்னு தெரியாம தூக்கம் வரமாட்டேங்குதுண்ணே."

"பேரு ஞாபகம் இல்லப்பா" என்றேன். கூண்டில் ஏறி முன்பு சொன்னதையே சொன்னேன். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டார், பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர் வேறெங்காவது போனீரா என்று. இல்லை என்றேன். அவனுக்குத் தண்டனை ஆயிற்று. வெளியே வந்ததும் வெள்ளையன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் இடுப்பில் அந்தப் பெண் குழந்தை இருந்தது.

நீங்கள் கேட்கலாம், இருசப்பன் கொட்டகைக்குப் போனேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று. எப்படிச் சொல்வது? சொன்னால் நான் பீடி பிடித்தது உண்மையாகிவிடும். பிடித்தது உண்மையானால் சத்தியம் மீறியது உண்மையாகிவிடும். என் மகளுக்கு இன்னும் இளைப்பு நிற்கவில்லை. மழை நாளில் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? பெற்றவன் இதையெல்லாம் பார்க்க வேண்டாமா?

அதற்குப் பிறகு பீடியைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எப்போது விட்டீர்கள் என்று டிரைவர்கள் கேட்டால், மறியலுக்கு முந்தின நாள் என்றுதான் சொல்கிறேன். வாய்க்கால் கரையில் பிடித்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.