நாற்பத்தொன்றாம் பெட்டியின் கடைசிப் பக்கம்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் மருத்துவர் நேசக்குமார் அவர்களே, இருபுறமும் அமர்ந்திருக்கும் ஆட்சிக்குழுப் பெரியோர்களே, துறைமுக வேலையை அரைநாள் விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, தருவைகுளத்திலிருந்தும் பெரியதாழையிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் தாய்மார்களே, இடமிருந்தும் உட்காராமல் வாசலோரம் நிற்கும் தம்பிமார்களே, இன்னும் ஆள் வராத அந்தக் கடைசி மூன்று வரிசைகளே, உங்கள் அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

என் பெயர் ஜெபசிங். சொந்த ஊர் நாசரேத். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினான்கு ஆண்டுகளாக நம்முடைய வட்டார ஆவண அறையைக் கவனித்து வருகிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. அதனால் சொல்ல வேண்டியதை அட்டையில் எண்ணிட்டு எழுதி வந்திருக்கிறேன். நடுவில் நான் தடுமாறினால் எந்த எண்ணில் நிற்கிறேன் என்று நீங்களே எடுத்துக் கொடுக்கலாம்.

1. நம் அறையில் என்ன இருக்கிறது.
2. அதை நான் எப்படிக் காத்து வருகிறேன்.
3. நாற்பத்தொன்றாம் பெட்டியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் அது நம்மிடமே இருக்க வேண்டும்.
4. நன்றி.

முதலாவது. நம் அறையில் என்ன இருக்கிறது? அரசாணைகள் இல்லை, செப்பேடுகள் இல்லை. முத்துக்குளிப்பு முகாமில் மருந்து கலக்கிக் கொடுத்தவர் தன் தங்கைக்கு எழுதிய இருபத்தாறு கடிதங்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் சரக்கு விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட், கப்பல் வராத நாட்களில் மட்டும் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. சாத்தான்குளத்து ஆசிரியை ஒருவர் எழுதிக் கடைசிவரை அஞ்சலில் சேர்க்காத விடுப்புக் கடிதம் இருக்கிறது. இவர்கள் கோட்டை கட்டினார்களா? கொடி நாட்டினார்களா? இல்லை. காலையில் எழுந்தார்கள், கடலைப் பார்த்தார்கள், கையில் கிடைத்த காகிதத்தில் மனத்தில் பட்டதை எழுதினார்கள். கரையில் கால்தடம் எத்தனை நாழிகை நிற்கும்? அலை வரும்வரை நிற்கும். காகிதம் எத்தனை நாள் நிற்கும்? காப்பவன் இருக்கும்வரை நிற்கும்!

கைதட்ட வேண்டாம். தட்டினால் அடுத்த வரி மறந்துவிடும்.

இரண்டாவது. காலை பத்து மணிக்கு அறையைத் திறக்கிறேன். ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன். தனி ஆள், காலையில் வடித்த சோறுதான். இரண்டரைக்குத் திரும்பி ஐந்து மணிவரை இருக்கிறேன். பெட்டியைப் பார்க்க வருபவர் பெயர், ஊர், பெட்டி எண், நோக்கம் நான்கையும் சீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சீட்டு இல்லாமல் பெட்டி இல்லை. சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவேன். யாரும் வராத நாளில் ‘வருகை: இல்லை’ என்று எழுதுவேன். ஆண்டில் இருநூறு நாளாவது அப்படித்தான். பழகப்பழக அந்த ‘இல்லை’ மட்டும் என் எழுத்திலேயே அழகான எழுத்தாகிவிட்டது. யாரும் வராத அறையில் ஒருவன் ஏன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நானே கேட்டிருக்கிறேன். ஒருவேளை யாராவது வந்துவிட்டால்? அதற்குத்தான்.

மூன்றாவது. இதற்காகத்தான் நான் மேடை ஏறினேன்.

அடுத்த வாரம் நாம் சிறிய அறைக்கு மாறுகிறோம். எல்லாப் பெட்டிக்கும் அங்கே இடமில்லை. பத்தாண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்கப்படாத பெட்டி வெளியே போக வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான். ஒன்பது பெட்டிகள் அதில் சிக்கின. எட்டை அவரவர் குடும்பத்தார் வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சியது நாற்பத்தொன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதைத் தந்த ஜெஸ்மி இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்; கடிதத்துக்குப் பதில் இல்லை. நீங்கள் இன்று கை தூக்கிச் சரி என்றால் நாளை அது உப்பளத்துப் பக்கம் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் போகும். அந்த ஈரத்தில் காகிதம் இரண்டு மழைக்குத் தாங்காது.

அதில் என்ன இருக்கிறது? ஜெஸ்மியின் தகப்பனார் மெல்வின் ஒரு தோணித் தண்டல். தோணியை நடத்திச் செல்பவர். கொழும்புக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஆட்களின் பெயரை எழுதி, எதிரே இரண்டு கட்டம் கீறுவார். புறப்படும்போது முதல் கட்டத்தில் அவரவர் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் இரண்டாம் கட்டத்தில் மறுபடி. அறுபத்தெட்டுப் பக்கங்களில் இரண்டு கட்டமும் நிறைந்திருக்கின்றன. அறுபத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு கட்டம்தான். ஏழு பேர். முப்பத்து மூன்று ஆண்டுகளாக அடுத்த கட்டம் காலி.

அந்தப் பக்கத்தில் ஒரு புதிர் உண்டு. ஐந்தாம் பெயருக்கு எதிரே, எழுத்தே இல்லாத அந்தக் காலி இடத்தில், காகிதம் தேய்ந்து மெலிந்திருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் சோதனையில் அந்தத் தேய்மானம் கொஞ்சம் கூடியிருக்கும். ‘காரணம்: பூச்சி’ என்று குறித்து ஆண்டுதோறும் பாச்சா உருண்டை கூட்டிப் போட்டேன். இப்போது பன்னிரண்டு உருண்டைகள் இருக்கின்றன. மையை விட்டுவிட்டு வெற்றிடத்தைத் தின்னும் பூச்சி எது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆட்சிக்குழுவில் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஏதோ கேட்கிறார். சொல்லுங்கள், அண்ணாச்சி.

“சார்வாள், தப்பா நினைக்காதீய. பன்னிரண்டு வருசமா ஒருத்தரும் கேக்கலைன்னு நீங்களே சொல்லுதீய. ஒருத்தரும் ஏறாத பஸ்ஸ எதுக்கு ஓட்டணும்?”

நியாயமான கேள்வி. இதற்கு அட்டையில் ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். இப்போது வாசித்துப் பார்த்தால் எனக்கே அது போதவில்லை. கேட்பார் இல்லை என்பதால் ஒரு மனிதன் இல்லாமல் போய்விடுவானா என்று எழுதியிருக்கிறேன். கேட்பார் இல்லாதவன் எழுதியது அது, அவ்வளவுதான்.

பின்னால் யார் எழுந்து நிற்பது? மதிய நேரத்தில் நம் அறையைக் கூட்டிப் பெருக்கும் சந்தனமாரி. மைக் அங்கே போகாது. நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள்.

“சார், கோவிச்சுக்கிடாதீய. அந்தப் பெட்டியப் பாக்க ஒருத்தி வாரா. வருசா வருசம் வாரா.”

எப்போது? பதிவேட்டில் இல்லையே!

“நீங்க சாப்பிடப் போனபொறவு வந்தா பதிவேட்டுல எங்கன இருக்கும்?”

சிரியுங்கள், சிரியுங்கள். சிரிக்க வேண்டியதுதான். யார் அவர், சந்தனமாரி?

“தருவைகுளத்து மிக்கேலம்மா. அவ வீட்டுக்காரரு கயத்தான், அந்தத் தோணியில போனவரு. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி எடுத்துக்கிட்டுக் கல்லறைக்குப் போவாவ. கடலோட போனவருக்கு ஏது கல்லறை? அவ இங்கன வாரா. மொதல்ல திரியும் கொண்டாந்தா. ஏளா, காயிதம் இருக்க எடத்துல தீயக் கொளுத்திராத, சாரு என் சீட்டக் கிழிச்சிருவாருன்னேன். பொறவு வெறுங்கையோட வருவா. கடைசிப் பக்கத்த விரிச்சுக் குடுப்பேன். அவரு வச்ச ரேகைக்குப் பக்கத்துல வெறுமையா இருக்குல்லா, அங்கன தன் பெருவிரல வைப்பா. வச்சா எடுக்கவே மாட்டா. நீங்க வார நேரமாச்சுன்னு நாந்தான் எழுப்பி அனுப்புவேன்.”

ஏன் அம்மா, என்னிடம் கேட்டிருக்கலாமே?

“கேட்டாளே! மொத வருசம் உங்ககிட்டதான் வந்தா. நீங்க சீட்ட நீட்டி, பூர்த்தி பண்ணிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்கம்மான்னிய. எழுதத் தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, சீட்டக் கையிலயே மடிச்சு வச்சுக்கிட்டு வெளிய வந்து நின்னா. இன்னொண்ணு சார், அந்த உருண்டையக் கொஞ்சம் கொறைங்க. அவளுக்கு மண்டையிடி வருது.”

பெரியோர்களே, ஒரு நிமிடம். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண்மணியின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வரவில்லை. அன்றும் நான் ‘வருகை: இல்லை’ என்றுதான் எழுதியிருப்பேன். அழகாக எழுதியிருப்பேன். பூச்சி என்றேனே! ஒரு மனைவியின் விரலைப் பூச்சி என்றேனே! பன்னிரண்டு டிசம்பர் கையெழுத்திட்டுப் பூச்சி என்றேனே! வராதவர்களுக்காக நான் காத்திருந்தேன். வந்தவர் நான் போகக் காத்திருந்தார். வீட்டில் நான் ஒற்றைத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்ட அதே நேரத்தில், என் மேசையில், என் நாற்காலியில், இன்னொருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். காகிதத்தைக் காத்தேன் என்று சற்று முன்பு நெஞ்சை நிமிர்த்தினேன். கட்டம் போட்ட சீட்டை நீட்டி ஒரு கல்லறையின் வாசலை அடைத்தவன் நான்.

என்ன சொன்னீர்கள், அண்ணாச்சி?

“இருக்கட்டும் சார்வாள். பெட்டி இங்கனயே இருக்கட்டும்.”

அண்ணாச்சி முதல் கையைத் தூக்குகிறார். தலைவரும் தூக்குகிறார். எல்லாக் கையையும் எண்ண எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

வருகிற நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, நானே வாசலில் நின்று அவரை வரவேற்கலாமா என்று இப்போது யோசித்தேன். வேண்டாம். அவர் எனக்காக வருவதில்லை. வழக்கம்போல ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். அன்று மட்டும் திரும்பி வர இரண்டரை அல்ல, மூன்று மணி ஆகும். பெட்டி மேசைமேல் இருக்கும். உருண்டைகளை முந்தைய நாளே எடுத்து, காற்றாட வைத்திருப்பேன். சீட்டு கேட்க வேண்டாம், சந்தனமாரி. நான் வரும் நேரமாயிற்று என்று எழுப்பி அனுப்பவும் வேண்டாம். திரும்பி வந்து நான் பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதிக்கொள்கிறேன்.

நான்காவது, நன்றி. தலைவருக்கு, குழுவினருக்கு, கேட்டிருந்த தாய்மார்களுக்கு, எல்லோருக்கும் மேலாக என் விதியைப் பன்னிரண்டு ஆண்டுகள் மீறிய சந்தனமாரிக்கு.

அட்டையில் மூன்றாவது குறிப்பின் முதற்பாதி, ‘இதுவரை ஒருவரும் கேட்டதில்லை’ என்பது, தவறு. இதோ, உங்கள் முன் அடித்துவிட்டேன். வணக்கம்.