பென்சில் நுழையாத குழல்

என் பெயர் ரெஜினா ஞானம்மா. வயது எழுபத்திரண்டு. காலஞ்சென்ற அருளப்பன் என்பவரின் மனைவி. மண்ணூர் கிராமம், மாதா கோயில் தெருவில் தனியாக வசிக்கிறேன். கான்வென்ட்டில் மெட்ரிகுலேஷன் வரை படித்தவள். தமிழும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். காவல் ஆய்வாளர் ரகுபதி என்னை ஜீப்பில் அழைத்து வந்தார். அவர் இப்போது வெளியே இருக்கிறார். நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்று நீதித்துறை நடுவர் அவர்கள் எச்சரித்ததைப் புரிந்துகொண்டு, என் விருப்பப்படி சொல்கிறேன்.

என் கணவர் இறந்த பிறகு அவருடைய ரைபிள் உரிமம் என் பெயருக்கு மாற்றப்பட்டது. இந்த வாக்குமூலத்தில் எழுத்தர் முதலில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று எழுதியதை நான் சொல்லித் திருத்தினார். அது ஆஸ்திரியாவில் செய்த மான்லிச்சர் வேட்டை ரைபிள். குழலின் நுனி வரை மரம் போர்த்தியிருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடி வெண்ணெய் தடவும் கத்தியைப் போலத் தட்டையாக இருக்கும். என் மாமனார் ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரரின் காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். அந்தத் துரை ஊர் திரும்பும்போது இரண்டு ரைபிள்களை விற்றார். ஒன்றை என் மாமனார் வாங்கினார். மற்றொன்றை அங்கே வண்டி ஒப்பந்தம் பார்த்துவந்த, பிள்ளைப்பாக்கம் பாண்டுரங்கனின் தகப்பனார் வாங்கினார்.

எங்களுடையது 1903ஆம் ஆண்டு மாடல், குழலின் துளை ஆறரை மில்லிமீட்டர். அவர்களுடையது 1905ஆம் ஆண்டு மாடல், ஒன்பது மில்லிமீட்டர். பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். மாடலின் ஆண்டு, தோட்டா அறைக்கு மேலுள்ள வளையத்தில் பொறித்திருக்கும். இரு வீட்டாரும் சேர்ந்து வேட்டைக்குப் போய்த் திரும்பினால், என் கணவர் குழலின் நுனியில் பென்சிலை விட்டுப் பார்த்துத்தான் பிரித்து எடுப்பார். எங்களுடையதில் பென்சில் நுழையாது. அவர்களுடையதில் தாராளமாக நுழையும். உரிமத்தில் ரைபிளின் பெயரும் எண்ணும் மட்டுமே உள்ளன. துளையின் அளவுக்கான கட்டம் என் கணவர் காலத்திலிருந்தே காலியாக உள்ளது.

இந்த ஆண்டு, 2001 மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலுக்காக, உரிமம் உள்ள ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. வழக்கம்போல ரைபிளுக்குக் காக்கித் துணியில் உறை தைத்து, அதன் வாயையும் என் கையால் தைத்து மூடி, நிலையத்தில் கொடுத்தேன். அங்கிருந்த ஏட்டு மாரி, “இன்னா பாட்டி, துப்பாக்கிக்கு ஜாக்கெட் தச்சிக்கினு வந்துகீறே?” என்றார். பாட்டி என்று அழைக்க வேண்டாம் என்றேன்.

அதன் பிறகு தேர்தல் முடிந்து, ஜூன் மாதம் திரும்பப் பெறச் சென்றேன். “உன் தையல் அப்டியே கீது, பாத்துக்கோ ஆயா” என்றார் அதே ஏட்டு. உறையின் வாயில் நான் போட்ட தையலும் கடைசி முடிச்சும் அப்படியே இருந்தன. ஆகவே பிரித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டு வாங்கிவந்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அதன் பிறகு ஆகஸ்ட் மாதம், பிள்ளைப்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் தொடர்பாகத் தகராறு நடந்தது. அந்த நிலம் தன்னுடையது என்று பாண்டுரங்கன் சொல்லிவந்தார். அங்கே காவலாளியாக இருந்த திருநெல்வேலிக்காரர் நெல்லையப்பனின் தொடையில் குண்டு பாய்ந்தது. மருத்துவமனையில் காலை எடுத்துவிட்டார்கள். வெளியே எடுத்த குண்டு ஆறரை மில்லிமீட்டர்.

அதன் பிறகு ஆய்வாளர் என் வீட்டுக்கு வந்து ரைபிளைக் காட்டச் சொன்னார். அவர் முன்னிலையில் உறையைப் பிரித்தேன். உறையின் அடிப்பக்கம் பிரிக்கப்பட்டு, மறுபடி மெஷினில் தைக்கப்பட்டிருந்தது. என் வீட்டில் தையல் மெஷின் இல்லை. ரைபிளின் வளையத்தில் ஆண்டு இருந்த இடம் அரத்தால் ராவப்பட்டிருந்தது. என் உரிமத்தின் எண் அதில் இருந்தது, ஆனால் புதிதாக வெட்டப்பட்டுப் பளபளத்தது. போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆய்வாளரின் சட்டைப்பையில் இருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி, குழலின் நுனியில் விட்டேன். நுழைந்தது. இது என்னுடையது அல்ல என்றேன்.

ஆய்வாளர் என் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். “அம்மா, நல்லா யோசிச்சி சொல்லுங்க. இது உங்களுதுன்னு சொன்னா, பென்சில் உள்ள போவுது, காவலாளியச் சுட்டது இது இல்ல, உங்களுக்குத் தொல்லை இல்ல. இல்லன்னு சொன்னா, சுட்டது உங்க துப்பாக்கின்னு ஆயிடும். பாண்டுரங்கன் தன்னுது திருடு போச்சுன்னு போன வருசமே புகார் குடுத்துக்கீறாரு. திருட்டுத் துப்பாக்கி உங்க பீரோவுல இன்னா பண்ணுதுன்னு நாங்க கேக்க வேண்டியதாப் பூடும்” என்றார். நிலையத்தில்தான் மாறியிருக்கும் என்றேன். “கையெழுத்துப் போட்டு வாங்கினது நீங்கதானே?” என்றார்.

அதன் பிறகு பாண்டுரங்கன் ஆப்பிள் பையுடன் வந்தார். “இன்னா ஆண்ட்டி, வயசான காலத்துல ஜெயில் களி ஒத்துக்குமா? ஒத்த வார்த்த, ‘என்னுது’ன்னு சொல்லிட்டு ஜபம் பண்ணிக்கினு இரு” என்றார். பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். என் ரைபிளை அவர் கையில் நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லமாட்டேன்.

அதன் பிறகு நெல்லையப்பனின் மனைவி பேச்சி வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். “யம்மா, அவுகளச் சுட்டது ஒங்க துப்பாக்கியாமே, மெய்யா?” என்று கேட்டாள். பிறகு கேட்டை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஆறரை மில்லிமீட்டர் மான்லிச்சர் ஒன்றுதான் உண்டு. அது என்னுடையது. என் பீரோவில் இருந்தது என்னுடையது அல்ல.

ஆய்வாளரிடம் சொல்லாத ஒன்றை நடுவர் அவர்களிடம் சொல்கிறேன். இந்த வகை ரைபிளில், தோளில் வைக்கும் கட்டையின் அடித்தகட்டில் சிறு மூடி உண்டு. உள்ளே குழலைத் துடைக்கும் கம்பிகள் இருக்கும். அவை ஆடாமல் இருக்க, என்னுடையதில் என் கைக்குட்டை ஒன்றைத் திணித்திருக்கிறேன். அதன் மூலையில் நீல நூலில் என் பெயரின் முதல் எழுத்தையும் கணவர் பெயரின் முதல் எழுத்தையும் தைத்திருக்கிறேன். ஆண்டை ராவலாம், எண்ணை வெட்டலாம். அந்த மூடியைத் திறந்து பார்க்க அவர்களுக்குத் தோன்றியிருக்காது என்று நம்புகிறேன். நான் சொன்னது வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவதற்கு முன் என் ரைபிளைத் தேடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரும் வழியில் ஆய்வாளர் என் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஜெபப் புத்தகம் என்றேன். அதுவும் இருக்கிறது. இரண்டு மாற்றுப் புடவைகளும், ரத்த அழுத்த மாத்திரைகளும், இன்னொரு மூக்குக் கண்ணாடியும் இருக்கின்றன.

எழுதியதை எழுத்தர் வாசித்துக் காட்டினார். நானும் கண்ணாடி போட்டு ஒருமுறை வாசித்தேன். இதில் உள்ளவை நான் சொன்னவையே, உண்மையே. யாருடைய வற்புறுத்தலாலும் சொல்லப்பட்டவை அல்ல.

(ஒப்பம்) ரெஜினா ஞானம்மா