எண்ணெய்ச் சட்டிக்கு யார்?

— நகர மாட்டேன்னு சொல்லிட்டேன்ல? ஓரத்துல இருந்தாதான் இறங்க வசதி. நீ ஜன்னல் பக்கம் போ, மிர்யோங்.

— சுன்னம் அக்கா, ஆபரேஷன் பண்ணின உடம்பு. பஸ் திரும்பறப்ப யாராவது மேல விழுந்தா?

— விழட்டுமே. நுரையீரல்ல ஒரு துண்டைத்தான் வெட்டினாங்க, என் வாயை வெட்டல. விழறவளை நான் பாத்துக்கறேன்.

— சத்தியமா உங்களை அடிச்சுக்க ஜொன்ஜு ஊருக்குள்ளயே ஆள் கிடையாது. சரி, கம்பியைப் பிடிச்சுக்குங்க. மூணு மாசம் கழிச்சு இந்த ஆறேகால் பஸ்ல உங்களைப் பாக்கறதே திருவிழா மாதிரி இருக்கு.

— திருவிழாவா? ராத்திரி மூணு தடவை எழுந்து மணி பாத்தேன். இருபத்திரண்டு வருஷமா அந்த ஸ்கூல் சமையக்கட்டுக்குப் போறேன். முதல் நாள்கூட இப்படிப் பயந்ததில்ல.

— தொள்ளாயிரம் பிள்ளைங்களுக்குச் சோறு போட்ட கை. உங்களுக்கு என்னக்கா பயம்?

— பிள்ளைங்களைப் பாத்து எவ பயந்தா? உங்க ஏழு பேரைப் பாத்துதான்.

— நாங்க என்ன கடிக்கவா போறோம்?

— கேளு. வீட்ல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் யோசிச்சேன். விட்டத்தைப் பாக்கறதைத் தவிர வேற வேலை இல்லையே. அப்பல்லாம் காலையில நான் வந்ததும் வெள்ளைப் பலகையில எழுதுவேன். யாரு அரிசி, யாரு காய், யாரு எண்ணெய்ச் சட்டி. எழுதினா எழுதினதுதான்.

— எண்ணெய்ச் சட்டிக்கு நேரா என் பேரு, தக் மிர்யோங். மூணு வருஷமா அந்தப் பேரை மட்டும் அழிக்கவே இல்ல. பேனா மை பலகையோட ஒட்டிக்கிச்சு, இன்னும் லேசா தெரியுது.

— சிரிக்காதடி.

— சிரிக்கலன்னா அழணும்க்கா. வியாழக்கிழமை ஆனா பன்றிக்கறி கட்லெட்டு, தொள்ளாயிரம் துண்டு. வீட்டுக்குப் போனா என் மகன் பக்கத்துலயே வரமாட்டான். "அம்மா, நீயே பொரிச்ச கோழி மாதிரி இருக்கே"ம்பான்.

— புதுசா வர்றவதான் பொரிக்கணும்ங்கறது நான் போட்ட சட்டமில்ல. எனக்கு முன்னால இருந்தவ என்னை ஆறு வருஷம் நிறுத்தினா. நான் பட்டேன், நீயும் படு. அவ்வளவுதான் அப்ப என் புத்தி.

— நீங்க அன்னிக்கு அப்படிச் சொல்லல. "புகை ஒத்துக்கலன்னா பூக்கடையில போய் வேலை கேளு"ன்னீங்க.

— அதையா ஞாபகம் வச்சிருக்கே?

— நான் மறந்தாலும் கில்ஜா அக்கா விடமாட்டா. இன்னும் என்னைப் பூக்காரின்னுதான் கூப்பிடறா.

— கில்ஜா! அவளைப் பத்திப் பேசாத. சாப்பாட்டுப் பட்டியல் போடற பெக் டீச்சர்கிட்ட போய், எல்லாரும் முறை வச்சுப் பொரிக்கணும்னு நீ கேட்டியே, அதுகூட எனக்குப் பெருசாப் படல. பின்னாலயே கில்ஜாவும் நின்னா பாரு. பதினஞ்சு வருஷமா என்கூட ஒரே மேசையில சாப்பிட்டவ.

— உங்களைத் தவிர எல்லாருமே நின்னோம்க்கா.

— அதான் வலிச்சுது. பெக் டீச்சர் வந்து பலகையைச் சுத்தமா துடைச்சாங்க. என் முகத்தையே துடைச்ச மாதிரி இருந்துச்சு.

— அப்புறம் ரெண்டு மாசம் நீங்க எங்ககூட பேசவே இல்ல. உப்பு வேணும்னாக்கூட சுவத்தைப் பாத்துத்தான் கேட்டீங்க.

— சுவரு எதிர்த்துப் பேசாது.

— ஆனா ஒண்ணு சொல்லணும். உங்க முறை வந்த அன்னிக்கு நீங்க லீவு போட்டுருவீங்கன்னு நாங்க பந்தயமே கட்டினோம். நீங்க கையுறையை மாட்டிக்கிட்டு வந்து சட்டி முன்னால நின்னீங்க. ஒரு வார்த்தை பேசல.

— பேச மூச்சு இருந்தாத்தானே? முன்னூறு துண்டு பொரிக்கறதுக்குள்ள கண்ணு இருட்டிருச்சு. மேல இருக்கற புகை இழுக்கற மெஷின் வெறும் சத்தம்தான் போடுதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பதினாறு வருஷமா பலகை பக்கம் நின்னவளுக்கு அது எப்படித் தெரியும்? அதுக்கு அடுத்த வாரமே நீங்க மெஷினை மாத்தச் சொல்லி எழுதின லெட்டர்ல நானும் கையெழுத்துப் போட்டேன்.

— போட்டீங்களா? கையெழுத்து இருந்த இடத்துல தாள் கிழிஞ்சே போச்சு. அவ்வளவு அழுத்தம்.

— கோபம்டி.

— எங்க மேலயா?

— அன்னிக்கு யாரு மேலன்னு எனக்கே தெரியல. அதுல இருந்துதான் இருமல். நீ வேற காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, "நெஞ்சை ஸ்கேன் எடுங்கக்கா"ன்னு அரிச்செடுத்தே. நீ என்னை வேலையை விட்டுத் துரத்தப் பாக்கறேன்னு நினைச்சேன்.

— நினைக்க மட்டுமா செஞ்சீங்க? தரை கழுவற தண்ணியை என் பூட்ஸுக்குள்ள ஊத்தினீங்க.

— தெரியாம பட்டுருச்சு.

— அக்கா.

— சரி, வேணும்னேதான் ஊத்தினேன்.

— தெரியும். அன்னிக்கு முழுக்க நடந்தா ஒரு சத்தம் வந்துச்சு. பிள்ளைங்க எட்டி எட்டிப் பாத்தாங்க.

— அப்பவும் நீ விடல. தனியா அனுப்பினா நான் போகமாட்டேன்னு தெரிஞ்சு, எட்டுப் பேருமா சேர்ந்து எடுத்துக்குவோம்னு சொல்லி, ஸ்கூல் லீவுல வேன் பிடிச்சே. கில்ஜா வேனுக்குள்ள கிம்பாப் சோத்துச் சுருள் பொட்டலத்தைப் பிரிச்சா. ஸ்கேனுக்கு முன்னால சாப்பிடலாமா கூடாதான்னு ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் ஒரே சண்டை.

— நாங்க ஏழு பேரும் சாப்பிட்டுட்டோம். நீங்க மட்டும்தான் முறைச்சுக்கிட்டே இருந்தீங்க.

— ஆனா டாக்டர் சொன்னாரு. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா கத்தி வச்சும் பிரயோஜனம் இருந்திருக்காதுன்னு. மிர்யோங், இன்னிக்கு நான் இந்த பஸ்ல உக்காந்திருக்கேன்னா அது உன்னாலதான். என் அதிகாரத்தை எவ பிடுங்கினாளோ அவளால.

— அக்கா, அப்படியெல்லாம்...

— குறுக்க பேசாத. நாலு நாளா கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தது, விட்டா மறந்துரும். அந்தச் சட்டி முன்னால உன்னை மூணு வருஷம் நிறுத்தினேன், மன்னிச்சுக்கோ. அப்படிப்பட்டவளை விடாம இழுத்துக்கிட்டுப் போனே பாரு, அதுக்கு நன்றி. முடிஞ்சுது. இப்ப அழுது தொலைக்காத, எல்லாரும் பாக்கறாங்க.

— நான் அழல. நீங்கதான் அழறீங்க.

— குளிர்காத்து கண்ணுல அடிக்குது.

— ஜன்னல் மூடியிருக்குக்கா.

— சும்மா இரு. கையில என்ன தாள் அது, மடிச்சு மடிச்சு வச்சிருக்கே?

— உங்களுக்குத்தான். புது முறைப் பட்டியல். திங்கக்கிழமை எல்லாரும் உக்காந்து போட்டது. ஆறு மாசத்துக்கு உங்களை எண்ணெய்ச் சட்டி பக்கமே விடக்கூடாதாம். அரிசி, சூப், அப்புறம் ருசி பாக்கறது. ருசி பாக்கறது மட்டும் நிரந்தரமா உங்களுக்கு. நீங்க போனதுல இருந்து முளைப்பயறு சூப்பைப் பிள்ளைங்க அப்படியே கொட்டறாங்க.

— யாரு வைக்கிறா சூப்பு?

— கில்ஜா அக்கா.

— நினைச்சேன். தண்ணியைக் கொதிக்க வச்சா அவளுக்கு அது சூப்பு. இரு, கண்ணாடியை எடுக்கறேன்... ம். கட்லெட்டு போடற நாள்ல ரெண்டு ரெண்டு பேரா, அரை மணிக்கு ஒரு தடவை மாத்திக்கிறது. நல்லாருக்குடி. பலகை என் கையில இருந்தப்பவே இதைச் செஞ்சிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. எனக்குத் தோணவே இல்ல பாரு... மிர்யோங்.

— ம்?

— உன் பேரு இல்லையே இதுல.

— பின்பக்கம் பாருங்க.

— பாத்துட்டேன். ரெண்டு பக்கத்துலயும் ஏழு பேருதான். வேற ஸ்கூலுக்கு மாத்தல் கேட்டுட்டியா?

— ஐயோ, இல்லக்கா.

— நான் திரும்பி வர்றேன்னு தெரிஞ்சதும் கேட்டிருக்கே. பழைய சுன்னம் வந்து உக்காந்துக்குவான்னு பயம். அப்படித்தானே?

— சத்தியமா இல்ல. லீவுதான். மூணு மாசம்.

— மூணு மாசம் உனக்கு எவன் லீவு குடுப்பான்?

— நம்ம ஸ்டாப்பு வருது. மணி அடிக்கட்டுமா?

— அடிச்சா கையை ஒடிச்சுருவேன். டெப்போ வரைக்கும் போனாலும் பரவாயில்ல, நீ சொல்லிட்டுத்தான் எழுந்திருக்கணும்.

— அன்னிக்கு எடுத்த ஸ்கேன்ல என் நெஞ்சுலயும் ஒரு புள்ளி இருந்துச்சுக்கா. ரொம்பச் சின்னது, மூணு மாசம் பாக்கலாம்னாங்க. போன வாரம் பாத்தப்ப கொஞ்சம் வளந்திருக்கு. அடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்துடறாங்க. உங்க டாக்டர்தான்.

— அப்ப... அதைத் தெரிஞ்சுக்கிட்டேயா என் கட்டில் பக்கத்துல உக்காந்து தினமும் பேரிக்காய் உரிச்சே?

— முழுசாச் சரியாயிரும்ங்கறாரு, முகத்தை அப்படி வச்சுக்காதீங்க. இன்னும் ஒண்ணு கேளுங்க. ஆஸ்பத்திரின்னா எனக்கு உயிரே போயிரும். எல்லாரையும் கூட்டிட்டு வந்தேனே தவிர, வேன் கதவுகிட்ட வந்ததும் மகனுக்குக் காய்ச்சல்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வீட்டுக்கு ஓடிரலாம்னுதான் நின்னேன். வாயைத் திறந்துட்டேன்க்கா. அப்பத்தான் நீங்க, "பூக்காரி, ஏறித் தொலை"ன்னு என் கையைப் பிடிச்சு உள்ள இழுத்தீங்க.